பாடைச் சுழிக் குதிரை

லண்டனில் என்னிடம் முதன்முதலாக ஒருவர் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டது ஒரு குதிரையைப் பற்றி. நான் வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை கேட்டவர்கள் எல்லோரும் பிறந்த திகதியையும் வந்த திகதியையும்தான் கேட்டார்கள். அபிப்பிராயம் கேட்டவள் நான் வேலை பார்த்த லாயத்து மனுசி ஒருத்திதான். அவளுக்கு நான் பொய் சொன்னேன். கடைசியில் வென்றது நான்தான் என்பதால் அதை எழுத எனக்குக் கூச்சமில்லை.

எண்பதுகளின் கடைசி அது, ஊரில் சண்டை நடந்த காலம். குட்மேய்ஸில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நானும் என் கணவரும் இருந்தோம். அவருக்கு பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. எனக்குக் குதிரை லாயம் கூட்டும் வேலை. பஸ்ஸில் கடைசித் தரிப்பு வரைக்கும் போய், வேலியோரமாக இருபது நிமிடம் நடந்தால் அந்த லாயம் வரும். அங்கே லண்டன் முடிந்துவிட்டதா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வாசலில் கவுன்சில் குப்பைத் தொட்டி நின்றது, அதற்குப் பின்னால் முழுக்க வயல்.

கோயிலில் கண்ட ஒரு அக்கா ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "படிச்ச பிள்ளை, குதிரைச் சாணி அள்ளுறியாமே?" என்று உருகினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் அங்கயும் சாணிதானக்கா பாத்தனான், மாட்டுச் சாணி" என்றேன். உண்மைதான். ஊரில் நான் கால்நடைப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவள். சைக்கிளில் பட்டி பட்டியாகப் போய் மாடு பார்ப்பது, சினைக்கு ஊசி போடுவது, எந்தக் கன்றை வளர்க்கலாம், எதை விடலாம் என்று சொல்வது என் வேலை. மாட்டு மிஸ் வீடு எது என்று கேட்டால் சந்தியில் யாரும் காட்டுவார்கள். இங்கே என் சேர்டிபிக்கட்டுகள் கட்டிலுக்கடியில் சூட்கேஸில் கிடந்தன.

லாயத்துச் சொந்தக்காரி அறுபதைத் தாண்டிய ஆங்கிலேய மனுசி. மெல்லிய உடம்பு, பெரிய குரல். அமெரிக்காவில் மாடு மேய்ப்பவர்கள் ஏறிப்போகும் முறையில் குதிரையேற்றம் பழக்குகிற இடம் அது. வெஸ்டர்ன் என்று சொல்வார்கள். முன்னால் கொம்பு வைத்த அகலமான சேணம், ஒரு கையில் தளர்வாகக் கடிவாளம். லண்டன் மழையில் கௌபோய் தொப்பி போட்டுக்கொண்டு வருகிற வங்கி உத்தியோகத்தர்களைப் பார்த்து எனக்கு முதல் மாதம் முழுக்கச் சிரிப்பு. பிறகு ஒருநாள் அவர்கள் குதிரையை வைத்து மாடு பிரிக்கிற விளையாட்டைப் பற்றி அவள் சொன்னாள். அன்றைக்கே என் சிரிப்பு நின்றுவிட்டது.

விளையாட்டு இதுதான். பக்கத்துப் பண்ணைக்காரர் இலையுதிர் காலத்தில் தன் எருத்துக் கன்றுகளை ஒரு வயலில் விடுவார். குதிரையில் போகிறவர் கூட்டத்திலிருந்து ஒரு கன்றை வெளியே பிரித்தெடுக்க வேண்டும். கன்று கூட்டத்துக்குத் திரும்பப் பாயும். குதிரை அதன் முன்னால் அங்குமிங்கும் திரும்பி மறிக்க வேண்டும். சொந்தக்காரிக்கு அதுதான் உயிர். ஆனால் இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், உயரமான குதிரையில் ஏற முடியாமல், போன வருடம் வேலிக்கு வெளியே நின்று கைதட்டினாள்.

"இந்த வருடமும் கைதட்ட வேண்டி வந்தால் என் சேணத்தை யாருக்காவது கொடுத்துவிடுவேன்" என்றாள் என்னிடம். அவள் சும்மா பேசுகிறவள் இல்லை.

அதனால் அவளுக்கு ஒரு மட்டக்குதிரை தேவைப்பட்டது. உயரம் குறைய வேண்டும், வேலை குறையக்கூடாது. குதிரை வியாபாரி ஒருவன் லொறியில் இரண்டைக் கொண்டுவந்து இறக்கினான். இரண்டு வாரம் வைத்துப் பார்த்து ஒன்றை எடுக்கலாம், மற்றதை அவன் திரும்பக் கொண்டுபோய் ஏலத்தில் விடுவான். ஏலத்தில் ஆள் எடுக்காத குதிரை எங்கே போகும் என்று அவன் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும், இறைச்சிக்கு.

ஒன்று பொன்னிறம். வெள்ளைப் பிடரி, உருண்ட உடம்பு, மாப்பிள்ளைக் களை. வந்தவர் போனவர் எல்லோரும் அதன் கழுத்தைத் தடவினார்கள். மற்றது பழுப்பு. பெரிய தலை, நீண்ட மூக்கு, ஒரு காதின் நுனியில் பழைய கிழிசல். அதை யாரும் தடவவில்லை. வியாபாரியே அதை ஒரு துணைக்குக் கொண்டுவந்தது போலத்தான் இறக்கினான். இறக்கும்போது என்னைப் பார்த்து, தள்ளுவண்டியை விலக்கு என்று கையால் காட்டினான். நான் விலக்கினேன்.

இரண்டாம் நாள் தேநீர் நேரத்தில் சொந்தக்காரி அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருந்ததோ என்னவோ, "நீ என்ன நினைக்கிறாய்?" என்றாள்.

நான் சாணி அள்ளும் முள்ளைச் சுவரில் சாத்திவிட்டு, வைக்கோல் கட்டிய நூலில் ஒரு கூழாங்கல்லைக் கட்டி எடுத்துவந்தேன். அவள் சிரித்தாள். "குதிரை பார்த்திருக்கிறாயா?"

"இல்லை. மாடு பார்த்திருக்கிறேன்" என்றேன் என் உடைந்த ஆங்கிலத்தில். "கன்று எப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியும். அதைவிடக் கெதியாக இது திரும்ப வேண்டும். அவ்வளவுதானே?"

அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

நூலைப் பழுப்பின் பிட்டத்து நுனியில் பிடித்துத் தொங்கவிட்டேன். பின்னங்கால் முட்டியின் பின்பக்கத்தைத் தொட்டு, காலோடு ஒட்டி நேரே இறங்கிக் குளம்புக்குப் பின்னால் நிலத்தில் நின்றது கல். நல்ல பின்னங்கால். உட்கார்ந்து திரும்புகிற கால். பொன்னிறத்தில் அதே நூல் முட்டியின் பின்பக்கத்தைத் தொடாமல் அதற்கு முன்னால் தொங்கியது. அதன் பின்னங்கால்கள் உடம்பை விட்டுப் பின்னால் போய் நின்றன. அப்படி நிற்கிற குதிரை நேரே ஓடும், சட்டென்று குந்தித் திரும்பாது. தோளைப் பார்த்தேன். பழுப்பின் தோள் சரிந்து படுத்திருந்தது, முன்னங்கால் தாராளமாக எட்டும். பொன்னிறத்தின் தோள் செங்குத்து. பழுப்பின் முழங்காலுக்குக் கீழே எலும்பு குட்டை, தட்டை. முதுகு சின்னது, ஆனால் அந்தப் பெரிய சேணம் இடுப்பில் இடிக்காமல் இருக்கப் போதும். கழுத்து முதுகோடு சேருகிற இடத்தில் மேடு ஒன்று இருக்க வேண்டும், அதுதான் சேணத்தைப் பக்கமாக வழுக்கவிடாமல் பிடிப்பது. பழுப்புக்கு அது இருந்தது. பொன்னிறத்துக்கு அந்த இடம் பூசணிக்காய். ஈர மணலில் இரண்டையும் நடக்கவிட்டேன். பழுப்பின் பின்னங்குளம்பு முன்னங்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுந்தது.

"அவசரப்படாதே. ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்" என்றாள். சொல் என்று என்னிடம் சொன்னாள்! நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்த நினைவே இல்லை, மிதந்துகொண்டு வந்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் என் கணவர் ஷிப்ட் முடித்து என்னைக் கூட்டிப்போக வந்தார். நான் சந்தோஷப் புளுகத்தில் பழுப்பை வெளியே கொண்டுவந்து காட்டினேன். அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக மாட்டுவண்டிச் சவாரிப் பந்தயத்துக்கு மாடு வளர்த்த குடும்பம். அவர் காலையும் பார்க்கவில்லை, தோளையும் பார்க்கவில்லை. நேரே முதுகுக்குப் போய் மயிரை விரலால் ஒதுக்கினார். முகம் கறுத்துவிட்டது.

"இஞ்சேரும், இதைத் தொடாதையும்."

"ஏன்?"

"முள்ளந்தண்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரா ரெண்டு சுழி. பாடைச் சுழி. வச்சிருக்கிறவையைப் பாடையில ஏத்தும். எங்கட அப்பு இந்தச் சுழி மாட்டைப் படலைக்குள்ளயே விடமாட்டார்."

"அது மாட்டுக்கு. இது குதிரை."

"முதுகு முதுகுதான்."

"இஞ்சாருங்கோ, சுழியில ஒண்டும் இல்லையெண்டு ஊரூராப் போய்ச் சொன்னதே என்ர வேலை."

"ஓம், சொன்னனீர். பிறகு என்ன நடந்தது? வேலையும் போச்சு, ஊரும் போச்சு."

நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு சுழியும் அளந்து வைத்தது போல நேருக்கு நேராக இருந்தன. இழக்கக்கூடியதை எல்லாம் இழந்துவிட்டு வந்தவளுக்கு அதைப் பார்த்ததும் பயம் பிடித்துவிட்டது. அந்த மனுசிக்கு ஏற்கெனவே இடுப்பு சரியில்லை. விழுந்து ஏதாவது ஆகிவிட்டால்? நான் சொல்லி எடுத்த குதிரையில்?

ஞாயிறு காலையில் அவள் கேட்டாள். நான் "பொன்னிறம்" என்றேன்.

"உன் நூல் வேறு சொன்னதே?"

"பழுப்பின் இடுப்பில் பலம் இல்லை. பிறகுதான் கவனித்தேன்."

அவள் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போய் வியாபாரிக்குப் போன் எடுத்தாள். அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு லொறி வந்து பழுப்பை ஏற்றும் என்று முடிவாயிற்று. அவள் என்னோடு சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நம்பியதுதான் சுட்டது.

அந்தக் கிழமை எனக்கு நல்ல கிழமை இல்லை. ஒவ்வொரு காலையும் பழுப்பின் அறையைக் கூட்டப் போகும்போது அது தன் நீண்ட மூக்கை என் தோளில் வைத்து ஊதும். நான் அதைத் தள்ளிவிடுவேன், அதுவும் திரும்ப வந்து வைக்கும். முன்பு ஊரில் ஒரு விவசாயி அருமையான நாம்பன் கன்றைச் சுழிக்காக விற்கப் பார்த்தார். அவருடைய மனைவிக்கு முன்னாலேயே நான் அவரைக் கிழிகிழியென்று கிழித்தேன். அவர் சொன்னார், "மிஸ், நீங்கள் கவுண்மேந்து உத்தியோகம். உங்களுக்குப் பயமில்லை." அன்றைக்கு அது எனக்குப் பாராட்டாகப் பட்டது. இப்போது முள்ளும் கையுமாக நிற்கும்போது அதே பேச்சு வேறு மாதிரிக் கேட்டது. எனக்குப் பயமில்லாமல் இருந்தது படிப்பாலா, உத்தியோகக் கதிரையாலா? கதிரை போனதும் படிப்பும் போய்விட்டதா? எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. நான் கோபக்காரி, ஆனால் அந்தக் கோபம் அதுவரை வெளியே உள்ளவர்களுக்குத்தான் போயிருந்தது.

வியாழக்கிழமை சோறு போடும்போது கணவரிடம் சொன்னேன், மனுசியிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று.

"விடுமன். குதிரை போனாப் போகட்டும். உமக்கேன் தலையிடி? வேலையும் போகப்போகுது."

"போகட்டும். இடுப்பில பலமில்லை எண்டு சொன்னது சுழியில்லை, நான். என்ர வாயால வந்தது."

அவர் குழம்பில் உப்புக் குறைவு என்றார். குறைவுதான்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். சொந்தக்காரி சேண அறையில் இருந்தாள். மூச்சுப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாடைக்கு ஆங்கிலம் தெரியாமல், செத்தவரைத் தூக்கிப்போகும் கட்டில் என்று கையால் காட்டினேன். அவள் முகம் சிவந்துகொண்டே போனது.

"முடிக்காகவா என்னிடம் பொய் சொன்னாய்?"

"ஓம்" என்றேன். தமிழிலேயே வந்துவிட்டது.

அவள் எழும்பி நொண்டி நொண்டிப் பழுப்பின் அறைக்குப் போனாள். சுழிகளை எனக்குக் காட்டச் சொன்னாள். காட்டினேன். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, தன் பெரிய குரலில் கத்தினாள். "பயம் இருந்தால் பயம் என்று சொல். நானும் பயப்படுகிறவள்தான். ஆனால் கண்டதைத் தனியாகச் சொல், பயந்ததைத் தனியாகச் சொல். இரண்டையும் கலந்து எனக்கு ஊற்றாதே!" நான் அழவில்லை. அழுகை வந்தது, நான்தான் விடவில்லை.

"இப்போது சொல். நீ கண்டது எது?"

"பழுப்பு. அதில் பிழை இல்லை."

"லொறி நாலு மணிக்கு. அதற்கு முன்னால் இரண்டையும் மாட்டில் விடுவோம்."

பண்ணைக்காரர் மதியத்துக்குப் பிறகு ஏழு கன்றுகளை வயலில் விட்டார். வயல் வாசல் கேற்றில் நிற்க ஆள் இல்லை. என்னைத் தேடி வந்த என் கணவரைப் பிடித்து நிறுத்தினோம். பெற்றோல் ஸ்டேஷன் சேர்ட்டோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

முதலில் பொன்னிறம். சொந்தக்காரி மரப்படியில் ஏறி அதன் மேல் உட்கார்ந்தாள். நேரே போகும்வரை படம் பிடிக்கலாம் போல அழகு. ஒரு கன்றைப் பிரித்தாள். கன்று இடது பக்கம் பாய்ந்தது. பொன்னிறம் இரண்டடி கூட ஓடிவிட்டுத்தான் திரும்பியது. அந்தத் திருப்பத்தில் சேணம் அதன் உருண்ட முதுகில் சரிந்தது. அவள் சேணக் கொம்பைப் பிடித்துத் தொங்கியபடி தப்பினாள். கன்று எப்போதோ கூட்டத்துக்குள் போய் நின்றது. நான் ஓடிப்போய் அவளை நிமிர்த்தினேன். எனக்குத் தோன்றியதைச் சொல்லாமல் விட முடியாது. கேற்றடியைத் திரும்பிப் பார்த்து, "இதில ஒரு சுழியும் இல்லை, பாத்தீங்களோ?" என்று கத்தினேன்.

பழுப்புக்கு நானே சேணம் கட்டினேன். கட்டும்போது அந்த இரண்டு சுழியும் சேணத்துக்கடியில் மறைந்தன. பட்டியை இன்னொரு தரம் இறுக்கிவிட்டு விலகி நின்றேன். இப்போது பயம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். பயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நின்றேன்.

அவள் வெள்ளை முகக் கன்று ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். இருந்ததிலேயே முரடு அது. பழுப்பு தலையைத் தாழ்த்திக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்து, அவசரமே இல்லாமல் அதை வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. கன்று நின்றது. பார்த்தது. இடது பக்கம் பாய்ந்தது. பழுப்பு பின்னங்காலில் குந்தி, முன்னுடம்பை அப்படியே சுழற்றி, அதன் மூக்குக்கு முன்னால் இறங்கியது. கன்று வலது பக்கம் பாய்ந்தது, அங்கேயும் பழுப்பு. மறுபடி இடது, மறுபடி பழுப்பு. சேணம் ஓர் அங்குலம் அசையவில்லை. நான் நூல் பிடித்துப் பார்த்த அந்தக் காலும் அந்தத் தோளும் என் கண்ணுக்கு முன்னால் நான் சொன்னதையே செய்துகொண்டிருந்தன!

"மறி! விடாத, மறி!" என்று யாரோ கத்துவது கேட்டது. அது நான்தான். அதைவிடப் பெரிய சத்தம் ஒன்று கேற்றுப் பக்கமிருந்து வந்தது. "அப்பிடித்தான்! திருப்பு, திருப்பு! விடாதை, என்ர ராசா!" சவாரித் திடலில் நிற்கிற மாதிரி என் கணவர் சேர்ட்டைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டிருந்தார். கேற் திறந்து கிடந்தது. பண்ணைக்காரர் ஓடிப்போய் அதைச் சாத்தினார்.

வெள்ளை முகம் கடைசியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றுவிட்டது. சொந்தக்காரி கையை உயர்த்தினாள். இறங்கு என்று படியைக் கொண்டுபோனேன். "லொறி போகும்வரை இறங்க மாட்டேன்" என்றாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. மழை பெய்யவில்லை.

நாலு மணிக்கு லொறி வந்தது. வியாபாரி பழுப்புக்குக் கயிறு எடுத்துக்கொண்டு இறங்கினான். அது ஆளோடு நிற்பதைக் கண்டு குழம்பி, "பொன்னிறத்தில் என்ன பிழை?" என்று அவளிடம் கேட்டான். அவள் குதிரையிலிருந்தபடியே விரலை என் பக்கம் நீட்டினாள். "அவளிடம் கேள். இங்கே குதிரை பார்ப்பவள் அவள்தான்."

நான் சொன்னேன். பின்னங்கால், தோள், சேணம் வழுக்குகிற முதுகு, எல்லாம் சொன்னேன். பொன்னிறத்தில் பிழை இல்லை, அதற்கு வேலைதான் வேறு, பிள்ளைகள் ஏறி நடக்கிற வீடு ஒன்றுக்குக் கொடு, ஏலத்துக்குக் கொண்டுபோகாதே என்றும் சொன்னேன். இந்த நாட்டில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. இலக்கணம் தாறுமாறாகப் போயிருக்கும். அவன் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், தன்னிடம் இன்னும் ஐந்து மட்டக்குதிரை நிற்கிறது, வந்து பார்த்துச் சொல்வாயா என்று கேட்டான். பார்க்கலாம் என்றேன். எனக்கு முன்னால் நின்ற தள்ளுவண்டியை அவனே ஒதுக்கிவிட்டு லொறிக்குப் போனான். பொன்னிறம் மோர்டன் பக்கம் மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டுக்குப் போய் நன்றாக இருந்தது என்று பிறகு அறிந்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில் சொந்தக்காரி வேலிக்கு உள்ளே இருந்தாள். போட்டியில் மூன்றாவதாக வந்தாள். எங்களுக்கு அது முதலாவதுதான். தொண்ணூறுகளில் புது இடுப்பு மூட்டு வைத்த பிறகும் அவள் உயரமான குதிரைக்கு மாறவில்லை. அந்தப் பாடைச் சுழியின் மேல் பத்து வருடத்துக்கு மேல் ஏறி இருந்தாள். நானும் லண்டனைச் சுற்றி எத்தனையோ லாயங்களுக்கு நூலும் கல்லுமாகப் போய்வந்தேன். சேர்டிபிக்கட்டுகள் சூட்கேஸிலேயே இருந்தன, யாரும் கேட்கவில்லை.

என் கணவர் மட்டும் தோற்றதாக ஒருபோதும் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாண வீடுகளில், பிறந்தநாள்களில், நாலு பேர் சேர்ந்தால் கதையைத் தொடங்கிவிடுவார். "என்ர மனுசி எடுத்த குதிரையில ரெண்டு சுழி இருந்தது. மாட்டுக்கு அது பாடை. ஆனா குதிரைக்கு அது பல்லக்கு! நான் அண்டைக்கே பாத்துச் சொன்னனான்."

எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. அந்தச் சுழியின் பேரில் முதலில் பொய் சொன்னவள் நான். அவருக்கும் ஒன்றை விட்டுக்கொடுக்கலாம்.